ஏழாவது லிட்டர்

அந்த ரேடியேட்டர் ஐந்து லிட்டர்தான் பிடிக்கும். வெங்கடேஷ் ஏழாவது லிட்டரை ஊற்றிக்கொண்டிருந்தான்.

முதலில் அவனுக்கு உறைக்கவே இல்லை. சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் ஆறாவது மாடியில், சன்னல் என்று பேருக்குக்கூட ஒன்று இல்லாத பட்டறை அது. பகல் மூன்று மணிக்கும் ட்யூப் லைட்தான். மேல்மாடியில் யாரோ தகரம் தட்டுகிற சத்தம், பக்கத்துக் கடையிலிருந்து வரும் பெயின்ட் வாடை, வருடக்கணக்கில் எண்ணெய் குடித்த சிமென்ட் தரையின் நெடி, எல்லாம் பழகிப்போன சங்கதிகள். கேனைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, மனசு வேறெங்கோ இருக்க, களக் களக்கென்று ஊற்றிக்கொண்டே இருந்தான். கேன் லேசானபோதுதான் இடித்தது. இது இரண்டாவது கேன் ஆயிற்றே.

ரேடியேட்டரின் வாய்க்குள் டார்ச் அடித்தான். ஈரமான பித்தளை மின்னியது. தண்ணீர் தெரியவில்லை.

காருக்கு அடியில் போய் மல்லாந்து படுத்தான். என்ஜினின் முன்பக்கம், தண்ணீர் பம்ப் உட்கார்ந்திருக்கும் விளிம்பை விரலால் சுற்றித் தடவினான். காய்ந்திருந்தது. தரையைத் தடவினான். ஒரு சொட்டு இல்லை. எழுந்து வந்து எண்ணெய்க் குச்சியை உருவினான். எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் மோர் மாதிரி வெளுத்துப்போயிருக்கும். இது சுத்தமாக, தேன் நிறத்தில் இருந்தது. காருக்குள் கால்மிதியைத் தூக்கிப் பார்த்தான், அங்கேயும் புழுதிதான். ஏழு லிட்டர் தண்ணீர் இந்த வண்டிக்குள் போயிருக்கிறது. வண்டியில் எங்கேயும் அது இல்லை.

“என்னடா, லீக் நின்னுச்சா?” கண்ணாடி அறைக்குள்ளிருந்து முதலாளி நூருல் அமீன் கத்தினார்.

“நின்னுடுச்சு பாய்.”

பொய்யில்லை. ஒழுகல் நின்றுதான் போயிருந்தது.

கார் அறுபத்து மூன்றாம் வருடத்தது. உருண்டை விளக்கு, கரும்பச்சை உடம்பு, கதவைச் சாத்தினால் இரும்புப்பெட்டி மாதிரி ஒரு சத்தம். இந்த வயசு வண்டிகளுக்குச் சிங்கப்பூர் சாலையில் வருடத்துக்குச் சில நாட்கள்தான் அனுமதி, அதற்கும் சோதனையில் தேற வேண்டும். சோதனை நாளைக் காலை பத்து மணிக்கு. வண்டியின் சொந்தக்காரி இராசேஸ்வரி என்கிற யாழ்ப்பாணத்துக் குடும்பத்து அம்மாள். அவருடைய சொந்தக்காரர்கள் நாலைந்து பேரின் பழைய கார்களும் இதே பட்டறைக்குத்தான் வருகின்றன.

“இந்த வண்டி பாஸ் ஆச்சுன்னா உன் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கிறேன்,” என்று பாய் திங்கட்கிழமையே சொல்லிவிட்டார். “ஆகலைன்னா ஊருக்கு டிக்கெட்தான் லா. போன மாசம் நீ போல்ட்டை உடைச்சதையே நான் இன்னும் மறக்கல.”

வெங்கடேஷ் ஏற்கெனவே ஒரு தடவை திரும்பிப் போனவன். கப்பல் பட்டறை வேலை எட்டே மாதத்தில் முடிந்து ஊருக்குப் போய் இறங்கியபோது, மாமனார் பந்தியில் எல்லார் முன்னாலும், “வாங்க ரிட்டர்ன் மாப்பிள்ளை” என்றார். அதோடு பேர் ஒட்டிக்கொண்டது. டீக்கடையில் ரிட்டர்ன், பஸ் ஸ்டாப்பில் ரிட்டர்ன், பெண்டாட்டி ரஞ்சிதம்கூடக் கோபம் வந்தால் ரிட்டர்ன். இரண்டாவது தடவையும் போய் இறங்குவதைவிட இந்தப் பட்டறையின் லிஃப்ட் குழியில் குதித்துவிடலாம் என்று அவன் நிஜமாகவே நினைத்திருந்தான்.

அப்படிப்பட்டவன்தான் இன்று காலை கேஸ்கெட்டைக் கிழித்தான். பம்ப்புக்கும் என்ஜினுக்கும் நடுவே வைக்கிற அட்டை, இங்கிலாந்திலிருந்து மூன்று வாரம் காத்திருந்து வரவழைத்தது, ஒன்றே ஒன்று. அவசரத்தில் ஒரு பக்கப் போல்ட்டை மட்டும் முழுசாக இறுக்கினான். ஓரம் பிதுங்கி, நடுவில் பிளந்துவிட்டது.

ஊரில் அவன் தொழில் கற்ற இடத்தில் கேஸ்கெட் என்பது கடையில் வாங்குகிற சாமானே இல்லை. செருப்புப் பெட்டியோ கேலண்டர் அட்டையோ, எது கைக்குச் சிக்குகிறதோ அதைப் பம்ப்பின் முகத்தில் வைத்து, சுத்தியலின் உருண்டைத் தலையால் ஓரத்தைச் சுற்றித் தட்டினால் இரும்பே வெட்டிக் கொடுத்துவிடும். அட்டை தேடிக் காரின் டிக்கியைத் திறந்தான். செய்தித்தாளில் சுற்றிக் கட்டிய ஒரு கட்டு புத்தகம் குப்புறக் கிடந்தது. பிரித்தால் உள்ளே தேவாரப் பாட்டுகள். கோயில் விழா மலர் என்று நினைத்துக்கொண்டான். மேலட்டை நல்ல தடிமன், வழவழப்பு. ஒன்றை உருவி, முன்னட்டையைக் கிழித்து, வெள்ளையாக இருந்த உள்பக்கத்தை மேலே வைத்துத் தட்டினான். கச்சிதமாக வந்தது.

திருப்பிப் பார்த்தபோதுதான் முகம் தெரிந்தது. கண்ணாடி போட்ட, நெற்றி நிறைய விபூதி பூசிய ஒரு பெரியவர். மேலே இரண்டு போல்ட் ஓட்டைகள் நெற்றிப்பொட்டில். கீழே இரண்டு தாடையில். தண்ணீர் போகிற பெரிய ஓட்டை சரியாக வாயில் விழுந்திருந்தது. யாரோ தர்மகர்த்தா போலிருக்கிறது. “மன்னிச்சுக்கங்க ஐயா” என்று கிரீஸைத் தடவி மாட்டிவிட்டான்.

இப்போது, கேனைக் கீழே வைத்துவிட்டு நின்றபோது, அவன் காதில் ஏதோ பட்டது.

மேல்மாடியில் தகரம் தட்டுவது நின்றிருந்தது. என்ஜினை அவன் இன்னும் ஸ்டார்ட் செய்யவே இல்லை. ஆனால் பானெட்டுக்குக் கீழே மெல்லிய ஒரு சத்தம் இருந்தது. நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். முனையைப் பம்ப்பில் வைத்துக் கைப்பிடியைக் காதோடு அழுத்தினால் உள்ளே நடப்பதெல்லாம் கேட்கும். எந்தக் கொம்பன் மெக்கானிக்கும் அப்படித்தான் கேட்பான்.

கேட்டான்.

காய்ந்த நாக்கு அண்ணத்தில் ஒட்டி, ஒட்டி, பிரிகிற சத்தம். ப்ச். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. ப்ச்.

காற்றுக் குமிழி, காற்றுக் குமிழிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஒரு கையால் கேனைத் தூக்கி ஒரு வாய்த் தண்ணீர் ஊற்றினான், டிரைவரைக் காதிலிருந்து எடுக்காமல்.

மடக்.

டிரைவர் தரையில் விழுந்து உருண்டது. வேலைமேசையில் கிடந்த, அட்டை போன புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினான். பாட்டு, பாட்டு, பாட்டு. கடைசிப் பக்கத்தில்தான் இருந்தது: அமரர் அம்பிகைபாகன். பிறந்த தேதி. மறைந்த தேதி, நாலு மாதத்துக்கு முன்னால். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வந்தவர்களுக்கும் வர முடியாதவர்களுக்கும் நன்றி.

அவன் ஊரில் செத்தவருக்குச் சுவரில் போஸ்டர் ஒட்டுவார்கள். ஒரு மழைக்கு அதுவும் போய்விடும். செத்துப் போனவருக்குத் தேவாரம் அச்சடித்து, படம் போட்டு, முப்பத்தோராம் நாள் வந்தவர்கள் கையில் புத்தகமாகக் கொடுப்பார்கள் என்று அவன் கண்டானா? எழவு வீட்டுப் புத்தகம். அதைப் போய் வெட்டியிருக்கிறான். அதுவும் வாயில்.

லிஃப்ட் கதவு திறந்தது.

“வாங்கக்கா, வாங்க!” பாய் எழுந்து ஓடினார். “நாளைக்குத்தான வரச் சொன்னேன்?”

“பாசிர் ரிஸ்ல வீட்டுல உக்காந்து என்ன செய்யிறது, அமீன்? இன்னைக்கே ஒரு பார்வை பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

இராசேஸ்வரிக்கு எழுபது வயசிருக்கும். கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை, ஒட்ட வெட்டிய நரைமுடி, முதுகு வளையாத நடை. பாய் காருக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“ஒரு சொட்டு ஒழுகல அக்கா. நான் தொழுதுட்டு, டீ வாங்கிட்டு வந்துடறேன். டேய் வெங்கடேஷ், தண்ணியை ஃபுல்லா வச்சு ஸ்டார்ட் பண்ணிக் காட்டு.”

லிஃப்ட் அவரை விழுங்கிக்கொண்டு இறங்கியது. வெங்கடேஷ் கேனைத் தொடவில்லை. இராசேஸ்வரி பட்டறையை ஒரு சுற்றுப் பார்த்தார். பார்வை வேலைமேசையில் நின்றது.

“அது எப்படித் தம்பி வெளிய வந்துச்சு?”

“டிக்கியைத் துடைச்சேன் மேடம்...”

“எங்க வீட்டுக்காரரோட முப்பத்தொண்ணு புத்தகம். நிறைய மிஞ்சிப் போச்சு, ஆள் வரல. அவர் கார்லயே கிடக்கட்டும்னு போட்டேன்.” கையை நீட்டினார். “குடுங்க. அட்டை எங்க?”

அவன் கண் தன்னால் என்ஜின் பக்கம் போய்த் திரும்பியது.

“முப்பது வருஷம் ஆபீஸ்ல ஃபைல் பாத்தவ நான். ஒரு பேப்பர் காணாமப் போனா எனக்குத் தெரியும். அட்டை எங்க?”

“தெரியாமப் பண்ணிட்டேன் மேடம். சாமி சத்தியமா கோயில் புத்தகம்னு நெனச்சேன். கேஸ்கெட் கிழிஞ்சு போச்சு, அதான் வெட்டி... பம்ப்புல...”

“என்ன பம்ப்பு?”

“தண்ணி பம்ப்பு.”

கத்துவார், அழுவார் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்புச் சத்தம் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, இராசேஸ்வரி சிரித்துக்கொண்டிருந்தார்.

“தண்ணிக்கா? அவர் முகத்தையா? ஐயோ, தம்பி!” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அவர் எப்படிப் போனார் தெரியுமா? ஸ்ட்ரோக். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. வெறும் தண்ணி குடுத்தா நுரையீரலுக்குப் போயிடும், மாவு கலந்து கெட்டியாக்கி ஸ்பூன்ல ஊட்டுங்கன்னு சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினாங்க. நான் அதையும் ஊட்டல. கண்ணுக்கு நேரா ஒரு கிளாஸ் வச்சேன். ஐஸ் போட்டு. கை எட்டாத தூரத்துல.”

வெங்கடேஷ் நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

“அப்படிப் பாக்காதீங்க. இந்தக் காருக்கு ஞாயித்துக்கிழமை ஆனா நாலு வாளி தண்ணி ஊத்திக் கழுவுவார். கல்யாணமான புதுசுல காய்ச்சலா கிடந்தேன், ஒரு டம்ளர் தண்ணி கேட்டேன். கை ஈரமா இருக்கு, எந்திரிச்சு நீயே குடின்னார். முப்பத்தெட்டு வருஷம் மறக்கல நான். நாலு நாள் கையை நீட்டிக்கிட்டே கிடந்தார்.” சேலை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டார். “சரி, ஊத்துங்க. ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க.”

ஊற்றாமல் நிற்க அவனுக்குக் காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் கேட்கிறார், பாய் சொல்லியிருக்கிறார். புதுக் கேனைத் திறந்தான். கூலண்ட் கலந்த பச்சைத் தண்ணீர், கொஞ்சம் இனிப்பான அந்த வாடை. சாய்த்தான். களக்.

மடக்.

சத்தம் இந்தத் தடவை என்ஜினிலிருந்து வரவில்லை. எதிரே நாற்காலியிலிருந்து வந்தது.

நிமிர்ந்தான். இராசேஸ்வரியின் தொண்டை ஏறி இறங்கியது. புருவம் சுருங்கியது. ஏதோ சொல்ல வாய் திறந்தவர் இருமினார். மறுபடி இருமினார். மூக்கிலிருந்து ஒரு கோடு தண்ணீர் வழிந்து மேலுதட்டில் நின்றது. பச்சையாக.

கேனை நிமிர்த்தினான். இருமல் நின்றது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெங்கடேஷின் கை, அவன் கேட்காமலே, கேனை இன்னும் ஒரே ஒரு தடவை சாய்த்தது. அவருடைய கன்னம் உப்பியது. மடக். விரல்கள் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தன.

“நிறுத்து!” குரலே மாறியிருந்தது. நீங்க என்பது போய் நீ வந்திருந்தது. “கழட்டு அதை. இப்பவே கழட்டு.”

“கழட்டினா வேற கேஸ்கெட் இல்ல மேடம். நாளைக்கு சோதனை...”

“அது உன் தலைவிதி. கழட்டுடா!”

அவன் கேனைக் கீழே வைத்தான். ஸ்பேனரை எடுத்தான். வாய்தான் பேசுகிறதே தவிர, கழற்றிவிட வேண்டும் என்றுதான் அவனும் நினைத்தான், அது சத்தியம். முதல் போல்ட்டில் ஸ்பேனரைப் பொருத்தினான். போல்ட் கதகதப்பாக இருந்தது, ஓடாத என்ஜினில். விரலுக்கு அடியில், அட்டையின் விளிம்பு, உதடு மாதிரி மெல்ல அசைந்தது.

“கழட்டினாலும் அமீன்கிட்ட சொல்லத்தான் போறேன்,” என்றார் இராசேஸ்வரி. மூச்சு திரும்பியிருந்தது. கைப்பையிலிருந்து போனை எடுத்தார். “செத்த மனுசன் முகத்தை வெட்டி வண்டியில மாட்டினவன்னு சொல்றேன். எங்க ஆளுங்க எல்லார்கிட்டயும் சொல்றேன். நாளைக்கே ஏத்தி அனுப்ப வைக்கிறேன் பாரு உன்னை.”

ரிட்டர்ன்.

மாமனாரின் பந்தி. வாழையிலைகள். எல்லா இலைக்குப் பின்னாலும் ஒரு சிரிப்பு.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். கேனைத் தூக்கினான்.

அவர் எண்களை அழுத்திக்கொண்டிருந்தார். பார்க்கவில்லை.

சாய்த்தான்.

மடக். மடக். போன் மடியில் விழுந்தது. மடக். எழுந்திருக்கப் பார்த்தார். சேலை காலில் சிக்கியது. உட்கார்ந்துவிட்டார். கண்கள் அவனைப் பார்த்தன. கை நீண்டது. எட்டவில்லை.

கொஞ்சம்தான், என்று அவன் நினைத்தான். பயந்துபோய்ப் பேசாமல் இருக்கும்வரைக்கும். கொஞ்சம்தான்.

வாய் திறந்திருந்தது. உள்ளே பச்சை நிறம் ததும்பியது. இருமல் இல்லை இப்போது. குமிழ்கள் மட்டும். கஞ்சி போட்ட சேலை நனைந்து தளர்ந்தது. அவன் நிறுத்தவில்லை. கேன் காலி. இன்னொன்று. மூடி திறக்க வரவில்லை. பல்லால் கடித்துத் திருகினான். ஊற்றினான்.

அப்போது ரேடியேட்டருக்குள் தண்ணீர் தெரிந்தது.

கறுப்பாக, ஆழத்தில், பிறகு மேலே. ஏறியது. விளிம்பு வரை ஏறி நின்றது. ஆடவில்லை.

பட்டறை அமைதியாக இருந்தது. இராசேஸ்வரியின் தலை மார்பில் கவிழ்ந்திருந்தது. உதட்டோரத்திலிருந்து ஒரு சொட்டு நீண்டு, அறுந்து, சிமென்டில் விழுந்தது. இன்னொன்று திரண்டது. வெங்கடேஷ் தொழில் பழக்கத்தில் எண்ணெய் பிடிக்கும் தட்டை எடுத்து நாற்காலிக்கு அடியில் தள்ளினான். சரியாகச் சொட்டுக்கு நேராக. அதைச் செய்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது தெரிந்து, வேலைமேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

லிஃப்ட் கதவு. பாயின் செருப்புச் சத்தம். விரலில் தொங்கும் மூன்று டீப் பொட்டலம்.

“அக்கா தூங்கிட்டாங்களா?” பாய் குரலைத் தாழ்த்தினார். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது. “பாவம், வயசாச்சு. எழுப்பாதே.” டீயை மேசையில் வைத்துவிட்டு நேராகக் காருக்குப் போனார். பானெட்டுக்குள் குனிந்தார். “என்னடா இது, ஃபுல்லா வைக்கச் சொன்னா?”

வெங்கடேஷ் எட்டிப் பார்த்தான். தண்ணீர் இறங்கியிருந்தது. இறங்கிக்கொண்டே இருந்தது. பித்தளை தெரிந்தது.

ப்ச்.

“வேணாம் பாய்,” என்றான். சத்தமாகச் சொன்னதாகத்தான் நினைத்தான்.

பாய் கேனைத் தூக்கிச் சாய்த்தார். களக் களக்.

சில்லென்று வெங்கடேஷின் நாக்கின் அடியில் ஊறியது. இனிப்பு. கூலண்டின் இனிப்பு. விழுங்கினான். மறுபடி நிறைந்தது. விழுங்கினான். நிறைந்தது. கத்த வாய் திறந்தான், தாடை வழியாகச் சட்டைக்குள் வழிந்தது. மூக்கில் ஏறியது. மண்டிபோட்டான். பாயின் காலைப் பிடிக்கக் கையை நீட்டினான். ஒரு சாண் தூரம்.

பாய் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் கேனைப் பிடித்து, உள்ளேயே பார்த்துக்கொண்டு, நிதானமாக ஊற்றினார்.

“போதும்னா சொல்லுடா,” என்றார்.